சைக்கியாட்ரி போஸ்டிங் போற தம்பி தங்கச்சிங்களுக்கு: லிஸ்ட்ட விடுங்க, மொதல்ல டைம்லைன் போடுங்க

எச்கேஎல்லோ (கோலாலம்பூர் ஆஸ்பத்திரி), யூஎம்மோ (மலாயா யுனிவர்சிட்டி ஆஸ்பத்திரி), பினாங்கு ஜிஎச்சோ (அரசாங்க பொது ஆஸ்பத்திரி), எங்க போஸ்டிங் போட்டாலும் ஸ்டூடன்ட்ஸ் ரெடியாகுற விதம் ஒண்ணுதான். டிஎஸ்எம்-5 (மனநோய்ங்கள வகைப்படுத்துற அமெரிக்க புக்) லிஸ்ட்ட உக்காந்து மனப்பாடம் பண்றாங்க, டிப்ரஷனுக்கு 9 அறிகுறில 5, ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு 5ல 2ன்னு. படிக்க வேண்டியதுதான், வேணாம்னு சொல்லல. ஆனா பேஷண்ட் முன்னாடி உக்காந்ததும் அந்த லிஸ்ட் மட்டும் கை கொடுக்காது, ஏன்னா "காதுல குரல் கேக்குது"ங்கறது ஸ்கிசோஃப்ரீனியாலயும் வரும், கடுமையான டிப்ரஷன்லயும் வரும், மேனியாலயும் (மனசு அளவுக்கு மீறி பொங்குற நிலை) வரும், சியாபு (மெத்தாம்ஃபெட்டமின் போதை) அடிச்சாலும் வரும், குடிய திடீர்னு நிறுத்துனாலும் வரும், மூளைல இன்ஃபெக்ஷன் இருந்தாலும் வரும். இதுல எதுன்னு பிரிச்சுக் காட்டுறது பெரும்பாலும் நாள் கணக்குதான். எப்ப ஆரம்பிச்சுச்சு, எது முன்ன எது பின்ன, நடுவுல எப்பவாச்சும் முழுசா நல்லா இருந்தாங்களா, இந்த மூணும் சரியா கிடைச்சுட்டா பாதி டயக்னோசிஸ் முடிஞ்ச மாதிரி. மருந்து கொடுக்கும்போதும் அதே நாள் கணக்குதான் உங்கள காப்பாத்தும், அத கீழ சொல்றேன்.

ஒரு ஏ4 பேப்பர எடுத்து குறுக்கால ஒரு கோடு போடுங்க. வலது பக்க முனை இன்னைக்கு, இடது பக்க முனை "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க". கோட்டுக்கு மேல அறிகுறிங்க, கீழ வாழ்க்கைல நடந்தது: வேலை போனது, சாவு, பிரசவம், குடி, சியாபு, புது மருந்து ஆரம்பிச்சது, பழைய மருந்து விட்டது. "எப்ப ஆரம்பிச்சுச்சு?"ன்னு நேரா கேட்டா நம்ம ஆளுங்க "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்"னுதான் சொல்லுவாங்க, அதுக்கு மேல ஒண்ணும் கிடைக்காது. அதனால தெரிஞ்ச நாள வெச்சு கேளுங்க. "போன தீபாவளிக்கு அம்மா எப்படி இருந்தாங்க, பலகாரம் செஞ்சாங்களா, விருந்தாளி வந்தப்ப வெளிய வந்து பேசுனாங்களா? தைப்பூசத்தப்ப? தம்பி எஸ்பிஎம் எழுதுனப்ப?" இப்படி கேட்டா பொண்ணோ மருமகளோ யோசிச்சு, "இல்ல, தீபாவளிக்கு நல்லாத்தான் இருந்தாங்க, பொங்கலுக்குத்தான் ரூம விட்டே வரல"ன்னு தெளிவா சொல்லுவாங்க. கூட வந்தவங்கள தனியா கேக்காம கிளர்க்கிங்க (ஹிஸ்டரி கேட்டு எழுதுறத) முடிக்காதீங்க. சைக்கியாட்ரில அது எக்ஸ்ட்ரா இல்ல, ஹிஸ்டரியோட பாதியே அதுதான்.

இன்னொண்ணு, தமிழ் பேசுற ஸ்டூடன்ட்னு தெரிஞ்சா வார்டு ரவுண்ட்ல உங்களத்தான் மொழிபெயர்க்க கூப்பிடுவாங்க. அப்ப ஒரு விஷயத்துல கண்டிப்பா இருங்க, பேஷண்ட் சொன்னத சொன்ன மாதிரியே சொல்லணும், அழகுபடுத்தக்கூடாது. ஒரு அண்ணன் சம்பந்தா சம்பந்தமில்லாம தாவித் தாவி பேசுறாருன்னா நீங்க அத கோர்வையா மாத்தி சொன்னீங்கன்னா ஸ்பெஷலிஸ்ட்டுக்கு தாட் டிசார்டரே (சிந்தனை கோர்வை உடையறது) தெரியாம போயிடும். சொந்தக்காரங்க மொழிபெயர்த்தா இதுதான் நடக்கும், வெக்கப்பட்டு நல்லதா மாத்திடுவாங்க, அதனால தற்கொலை, செக்ஸ், குடி பத்தின கேள்விய குடும்பத்து வழியா கேக்கவே கேக்காதீங்க.

மொதல்ல உடம்பு, அப்புறம்தான் மனசு

கோடு போட்டதும் பாக்க வேண்டியது, இது மணிக்கணக்குல, ரெண்டு மூணு நாள்ல வந்ததா? அப்படின்னா சைக்கியாட்ரி டயக்னோசிஸ் எதையும் வாயில எடுக்காதீங்க, டெலீரியம்னு (உடம்பு கோளாறால திடீர்னு வர்ற மூளைக் குழப்பம்) நினைங்க. காலைல நல்லா பேசுனாரு, ராத்திரி ஆனா ஆளே மாறிடுறாருன்னா இன்னும் உறுதி. டெலீரியத்துல மொதல்ல உடையறது கவனம். கவனத்த சோதிக்க 100ல இருந்து ஏழு ஏழா கழிக்க சொல்றது படிக்காத பாட்டிக்கு அநியாயம், கிழமைய பின்னால இருந்து சொல்ல சொல்லுங்க, ஞாயிறு, சனி, வெள்ளின்னு. நடுவுல தொலைஞ்சு போனாங்கன்னா குறிச்சுக்கோங்க. கண்ணுல உருவம் தெரியறது, காய்ச்சல், 40 வயசுக்கு மேல வாழ்க்கைல முதல் முறையா சைக்கோசிஸ் (நிஜத்தோட தொடர்பு விட்டுப்போறது), வலிப்பு, இதெல்லாம் உடம்ப தேடச் சொல்ற அடையாளம். சுகர், எஃப்பிசி (ரத்த அணு எண்ணிக்கை), பியூஎஸ்இ (ரத்த உப்பு, கிட்னி டெஸ்ட்), கால்சியம், ஈரல், தைராய்டு, யூரின் ட்ரக் டெஸ்ட், சிஃபிலிஸ், எச்ஐவி எல்லாம் பாக்கணும், தேவைன்னா சிடி. வயசு பொண்ணு, ஒரு ரெண்டு வாரத்துல நடத்தை மாறி, வாய் கோணி, வலிப்பு வந்து, அப்புறம் பேச்சே நின்னு போச்சுன்னா ஆன்டி-என்எம்டிஏ ரிசெப்டர் என்செஃபலைடிஸ் (உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளைய தாக்குற வியாதி) ஞாபகம் வரணும். 2007லதான் அதுக்கு பேரே வெச்சாங்க, சில பேருக்கு ஓவரில கட்டி இருக்கும், எடுத்துட்டு சரியான ட்ரீட்மென்ட் கொடுத்தா பிழைச்சு வந்துடுவாங்க. எஸ்எல்இயும் (லூபஸ்) இதே மாதிரி சைக்கோசிஸ் வேஷத்துல வரும்.

ஆனா நம்ம ஊரு வார்டுல நீங்க அதிகமா பாக்கப்போறது குடிதான். இத கொஞ்சம் விரிவா சொல்லணும். மோட்டார் விழுந்து கால் உடைஞ்ச ஒரு அங்கிள் திங்கக்கிழமை ஆர்த்தோ வார்டுல அட்மிட் ஆகுறாருன்னு வெச்சுக்கோங்க. திங்க நல்லா இருக்காரு, செவ்வாய் கை நடுங்குது, யாரும் கண்டுக்கல, புதன் ராத்திரி பெட்ஷீட்ல எறும்பு ஓடுதுன்னு தட்டி விடுறாரு, வேர்த்துக் கொட்டுது, ட்ரிப்ப புடுங்கி எறியுறாரு. "சைக்கோசிஸ், ப்ளீஸ் ரிவ்யூ"ன்னு ரெஃபரல் வரும். கோடு போட்டுப் பாருங்க, கடைசியா குடிச்சது ஞாயித்துக்கிழம ராத்திரி. நடுக்கம் 6 மணி நேரத்துல இருந்தே ஆரம்பிக்கும், வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள்ள, டெலீரியம் ட்ரெமென்ஸ் (குடிய நிறுத்துனதால வர்ற கடுமையான டெலீரியம்) 48ல இருந்து 96 மணி நேரத்துல. கணக்கு அப்படியே உக்காருது பாத்தீங்களா. இது உயிர் போற எமர்ஜென்சி. பென்சோடயசெபீன் தேவையான அளவு கொடுக்கணும், வழக்கமா டயசெபாம், ஈரல் ரொம்ப கெட்டுப் போயிருந்தா லோராசெபாம். தயமின் (விட்டமின் பி1) ஊசியா, குளுக்கோஸ் ட்ரிப்புக்கு முன்னாடி, இல்லன்னா வெர்னிக்கே (பி1 குறைஞ்சு மூளை பாதிக்கிறது) வந்து ஞாபக சக்தி நிரந்தரமா போயிடும். ஹாலோபெரிடால் மட்டும் குத்தி அடக்கப் பாக்கக்கூடாது, வலிப்பு வர வாய்ப்ப அது அதிகமாக்கும்.

குடிய பத்தி கேக்கும்போது பொண்டாட்டி முன்னாடி "குடிப்பீங்களா?"ன்னு கேட்டா "எப்பவாச்சும்"னுதான் பதில் வரும். தனியா, மரியாதையா, "வேலை முடிஞ்சு வந்தா ஒரு நாளைக்கு எவ்ளோ எடுப்பீங்க அங்கிள், பியரா சம்சுவா (மலிவு சாராயம்)? காலைல எந்திரிச்சதும் கை நடுங்குமா, ஒண்ணு போட்டாத்தான் நிக்குமா? கடைசியா எடுத்தது எப்ப?" கடைசி கேள்விய எந்த வார்டுல இருந்தாலும் கேளுங்க, சர்ஜரி போஸ்டிங்லயும் சேத்துத்தான்.

சியாபுவும் அப்படித்தான். சந்தேகம், குரல், பின்னாடி ஆள் வர்றாங்கன்னு பயம், எல்லாம் ஸ்கிசோஃப்ரீனியா மாதிரியே இருக்கும். கோட்டுல எது முன்னன்னு பாருங்க. சியாபு நிறுத்தி ஒரு மாசத்துக்கு மேல ஆகியும் சைக்கோசிஸ் போகலன்னா, இல்ல சியாபு தொடறதுக்கு முன்னாடியே ஆளு மாறிட்டாருன்னா, தனி வியாதின்னு யோசிக்கணும். யூரின்ல ரெண்டு மூணு நாள்தான் காட்டும், அதனால நெகட்டிவ்னு வந்ததும் விட்டுடாதீங்க.

டிப்ரஷன்

டிஎஸ்எம் படி ரெண்டு வாரம், சோகமான மனசு இல்லன்னா எதுலயும் ஆர்வம் இல்லாம போறது, ரெண்டுல ஒண்ணு கட்டாயம். 2023 தேசிய ஹெல்த் சர்வேல மலேசியால பெரியவங்கள்ல 4.6 சதவீதம் பேருக்கு டிப்ரஷன் இருக்குன்னு வந்துச்சு, 2019ல அது 2.3. இவ்ளோ பேர் இருந்தும் நிறைய பேர் கண்ணுல படாம போறதுக்கு ஒரு காரணம், நம்ம அம்மாங்க யாரும் மனசு சரியில்லன்னு வரமாட்டாங்க. தலைவலி, உடம்பெல்லாம் அசதி, நெஞ்சு படபடப்பு, வயித்துல எரிச்சல்னு கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) அஞ்சாறு தடவ வந்து இசிஜி, பிளட் டெஸ்ட் எல்லாம் நார்மல்னு சொல்லி பனடால் வாங்கிட்டு போவாங்க. அவங்ககிட்ட, "ஆண்ட்டி, முன்ன விரும்பி பாத்த நாடகம் இப்பவும் பாக்க தோணுதா? சமைக்கும்போது உப்பு பாக்கவாச்சும் ஆசை இருக்கா? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு போறீங்களா? விடியக்காலைல எத்தன மணிக்கு முழிப்பு வருது, அப்ப என்ன நினைப்பு ஓடும்?"னு கேளுங்க. வழக்கத்த விட ரெண்டு மணி நேரம் முன்னாடியே முழிச்சு, "நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன்"னு நினைச்சுட்டு படுத்திருக்காங்கன்னா பதில் கிடைச்சுடுச்சு. பிஎச்கியூ-9 (ஒன்பது கேள்வி டிப்ரஷன் ஃபாரம்) போடுங்க, 10ஓ அதுக்கு மேலயோ வந்தா நல்லா விசாரிங்க, ஆனா ஸ்கோர் ஒரு ஸ்க்ரீனிங்தான், டயக்னோசிஸ் இல்ல.

எஸ்எஸ்ஆர்ஐ (வழக்கமான டிப்ரஷன் மருந்து வகை) எழுதுறதுக்கு முன்னாடி மேனியா கேள்வி கேட்டே ஆகணும். "வாழ்க்கைல எப்பவாச்சும் ஒரு வாரம் போல, தூக்கமே இல்லாம, ஆனா களைப்பே தெரியாம, பேச்சு நிக்காம, காச தண்ணியா செலவு பண்ணி, வீட்ல எல்லாரும் 'என்னாச்சு இவருக்கு'ன்னு கேட்ட மாதிரி இருந்துருக்கா?" ஒரு வாரம்னா மேனியா, வார்டுல சேக்குற அளவுக்கு போயிருந்தா நாள் கணக்கே வேணாம். நாலு நாள், வேலை குடும்பம் பெருசா கெடலன்னா ஹைப்போமேனியா. இது இருந்து வெறும் ஆன்டிடிப்ரசன்ட் மட்டும் கொடுத்தா மேனியாவுக்கு தூக்கி விட்டுடும்.

பிரசவம் ஆன பொண்ணுங்கள பத்தி சுருக்கமா சொல்றேன். முதல் ரெண்டு வாரத்துல அழுகை வந்து தானா போறது ப்ளூஸ். ரெண்டு வாரத்துக்கு மேல நீடிச்சா டிப்ரஷன். முதல் ரெண்டு வாரத்துக்குள்ள தூக்கம் போயி, குழப்பமா, குழந்தைய பத்தி விபரீதமா பேசுனா சைக்கோசிஸ், அன்னைக்கே அட்மிட். பத்தியத்துல இருக்கா, களைப்புன்னு பாட்டிமாருங்க சொல்றத கேட்டு அனுப்பிடாதீங்க.

தற்கொலை பத்தி கேக்க பயப்படாதீங்க

கேட்டா ஐடியா கொடுத்த மாதிரி ஆயிடும்ங்கறது உண்மை இல்ல, கேட்டா பாரம் இறங்குது. படிப்படியா போங்க. "இவ்ளோ கஷ்டத்துல வாழவே பிடிக்கலன்னு தோணிருக்கா? செத்துப்போனா நல்லதுன்னு? அப்படி ஏதாச்சும் செஞ்சுக்கணும்னு நினைச்சிருக்கீங்களா? எப்படின்னு யோசிச்சீங்களா? கைல இருக்கா? என்ன உங்கள நிறுத்துச்சு?" கடைசி கேள்விக்கு வர்ற பதில், "புள்ளைங்க முகம்"னு சொல்றாங்களே, அதுதான் நீங்க சப்போர்ட் கட்ட வேண்டிய இடம். மலேசிய இந்தியர்கள் மத்தியில தற்கொலை மத்தவங்கள விட அதிகம்னு வருஷக்கணக்கா ஆராய்ச்சிங்க சொல்லிட்டே இருக்கு, அதனால நம்ம பேஷண்ட்ட நாமளே கேக்காம விட்டா யார் கேப்பா? பாராகுவாட் 2020 ஜனவரில இருந்து மலேசியால தடை, இருந்தாலும் வீட்டு ஸ்டோர்ல பழைய களைக்கொல்லி, பூச்சி மருந்து இருக்கான்னு குடும்பத்த கேட்டு எடுத்துடச் சொல்லுங்க, மாத்திரைய வீட்ல வேற ஒருத்தர் வெச்சிருந்து வாரத்துக்கு வாரம் எடுத்துக் கொடுக்கட்டும். அப்புறம், தற்கொலை முயற்சி போலீஸ் கேஸ் ஆகும்னு பயந்து மறைக்கிற குடும்பம் இன்னும் இருக்கு. தற்கொலை முயற்சிய குத்தமாக்குன பீனல் கோட் 309வது பிரிவ 2023ல எடுத்துட்டாங்க, அது இப்ப குத்தம் இல்ல. இத வாய் விட்டு சொல்லுங்க, சொன்னதும் உண்மை வெளிய வரும்.

சாமி வர்றதும் சைக்கோசிஸும்

பத்துமலையிலயும் பினாங்கு தண்ணீர்மலையிலயும் காவடி எடுக்கும்போது அருள் வர்றத பாத்து வளந்தவங்க நாம. நமக்கு இருக்கற இந்த அறிவு சைக்கியாட்ரில ஒரு பெரிய சொத்து. சாமி வந்தா அதுக்கு ஒரு ஆரம்பம் இருக்கு, ஒரு முடிவு இருக்கு, உடுக்கை, உருமி, விரதம்னு ஒரு இடம் இருக்கு, சுத்தி இருக்கறவங்களுக்கு அது புரியுது, விபூதி வெச்சதும் இறங்கிடும், மறுநாள் ஆளு வேலைக்கு போயிடுவாரு. அது வியாதி இல்ல. தைப்பூசம் முடிஞ்சு மூணு வாரம் ஆகியும் முருகன் கட்டளை போடுறாருன்னு குளிக்காம, சோத்துல விஷம் வெச்சிருக்காங்கன்னு சாப்டாம, வேலைக்கு போகாம இருந்தா அது வேற. சந்தேகமா இருந்தா அம்மா அப்பாகிட்டயே கேளுங்க, "கோயில்ல சாமி ஆடுறவங்கள நிறைய பாத்திருப்பீங்க, இது அந்த மாதிரியா, வேற மாதிரியா?" பெரும்பாலும் அவங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

செய்வினை வெச்சுட்டாங்கன்னு குடும்பமே நம்புனா அந்த நம்பிக்கைய மட்டும் வெச்சு டிலூஷன்னு (வியாதியால வர்ற பொய் நம்பிக்கை) எழுதாதீங்க. ஆனா பேஷண்ட் மட்டும், குடும்பம் சொல்றதையும் தாண்டி, "பக்கத்து வீட்டுக்காரர் சுவத்துக்குள்ள மெஷின் வெச்சு என் நினைப்ப எடுக்குறாரு"ன்னா குறிச்சுக்கோங்க. "நீங்க நினைக்கிறது வெளிய மத்தவங்களுக்கு கேக்குதா? ரேடியோல பேசுறவங்க உங்களுக்குன்னே சொல்ற மாதிரி இருக்கா? உங்க கை கால வேற யாராச்சும் ஆட்டி வைக்கிறாங்களா?" இந்த கேள்விய சாதாரண குரல்ல, எல்லாருகிட்டயும் கேக்குற கேள்வின்னு சொல்லிட்டு கேளுங்க. சாமியார்கிட்டயும் பொமோகிட்டயும் (மலாய் மந்திரவாதி) போனதுக்கு திட்டவே திட்டாதீங்க, திட்டுனா அடுத்த தடவ வரமாட்டாங்க. எத்தன மாசம் அங்க போச்சு, என்ன குடிக்க கொடுத்தாங்கன்னு மட்டும் கேளுங்க, ஏன்னா ட்ரீட்மென்ட் இல்லாம போன காலம் நீள நீள குணமாகுறது கஷ்டமாகுது, ஸ்டீராய்டு கலந்த நாட்டு மருந்தே சைக்கோசிஸ கொண்டு வரலாம். நாள் கணக்கு: ஒரு மாசத்துக்குள்ள முழுசா சரியானா ப்ரீஃப் சைக்கோடிக், ஒண்ணுல இருந்து ஆறு மாசம்னா ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம், ஆறு மாசம் தாண்டுனா ஸ்கிசோஃப்ரீனியா. இது டிஎஸ்எம் கணக்கு, ஐசிடி-11ல (உலக சுகாதார நிறுவனத்தோட வகைப்பாடு) ஸ்கிசோஃப்ரீனியாவுக்கு ஒரு மாசமே போதும், வைவால (வாய்மொழி பரீட்சை) எத சொல்றீங்கன்னு தெளிவா சொல்லுங்க.

மருந்துக்கும் ஒரு காலண்டர் இருக்கு

பேஷண்ட் மருந்த விடறதுக்கு காரணம் பாதி நேரம் நாம நாள் கணக்க சொல்லாததுதான். எஸ்எஸ்ஆர்ஐல குமட்டல், படபடப்பு முதல் நாளே வரும், பலன் தெரிய ரெண்டுல இருந்து நாலு வாரம் ஆகும். இத முன்கூட்டியே சொல்லணும். "ஆண்ட்டி, முதல் வாரம் கொஞ்சம் குமட்டும், சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, போயிடும். மனசுக்கு நல்லது தெரிய ஒரு மாசம் ஆகும், அதுக்குள்ள விட்டுடாதீங்க. சரியானதும் நிறுத்தக்கூடாது, அதுக்கப்புறமும் ஆறு மாசமாச்சும் போடணும், நிறுத்தும்போது எங்கிட்ட சொல்லிட்டு கொஞ்சம் கொஞ்சமா குறைக்கலாம். இது அடிமையாக்குற மருந்து இல்ல." செர்ட்ராலின் வழக்கமா 50 மில்லிகிராம்ல ஆரம்பிப்பாங்க, வயசானவங்களுக்கு 25, அவங்களுக்கு சோடியமும் பாக்கணும். 25 வயசுக்கு கீழ இருந்தா முதல் சில வாரம் தற்கொலை எண்ணம் கூடுதான்னு கவனிக்கணும், சீக்கிரமே திரும்ப வரச் சொல்லுங்க. அடிமையாக்குறது தூக்க மாத்திரைதான், அது ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு மேல போகக்கூடாது. லேசான டிப்ரஷனுக்கு மருந்துக்கு முன்னாடி சிபிடி (பேச்சு வழி சிகிச்சை), தினசரி வேலைய திரும்ப ஆரம்பிக்க வைக்கிறது இதெல்லாம் யோசிக்கணும், மருந்து எழுதுறதுதான் ட்ரீட்மென்ட்னு நினைக்காதீங்க.

ஆன்டிசைக்கோடிக் (சைக்கோசிஸ் மருந்து) சைட் எஃபெக்ட்ஸ மனப்பாடம் பண்ணாதீங்க, கோட்டுல வைங்க. கழுத்து திருகி கண்ணு மேல போறது டிஸ்டோனியா, மணி நேரத்துல இருந்து சில நாளுக்குள்ள, ப்ரோசைக்ளிடின் ஊசி போட்டா நிமிஷத்துல சரியாகும். ஒரு இடத்துல உக்கார முடியாம நடந்துட்டே இருக்கறது அகதீசியா, நாளுல இருந்து வாரத்துக்குள்ள, இத "கிளர்ச்சி கூடிடுச்சு"ன்னு நினைச்சு டோஸ ஏத்துனா பேஷண்ட்ட சித்திரவதை பண்ற மாதிரி. நடுக்கமும் விறைப்பும் வாரக்கணக்குல. வாய் மெல்றது மாசம், வருஷம் கழிச்சு. காய்ச்சல், உடம்பு இரும்பு மாதிரி விறைப்பு, குழப்பம், ரத்தத்துல சிகே (தசை பாதிப்ப காட்டுற டெஸ்ட்) ஏறுது, பெரும்பாலும் மருந்து ஆரம்பிச்ச ரெண்டு வாரத்துக்குள்ளன்னா என்எம்எஸ் (உயிர் போற அளவு ஆபத்தான மருந்து விளைவு), மருந்த உடனே நிறுத்தி மெடிக்கலுக்கு கூப்பிடுங்க. நம்ம ஆளுங்களுக்கு சக்கர வியாதி ஏற்கனவே அதிகம், அதனால ஓலன்சபீன் மாதிரி மருந்து ஆரம்பிக்கும்போதே எடை, இடுப்பளவு, சுகர், கொலஸ்ட்ரால் எழுதி வைங்க, மூணு மாசத்துல திரும்ப பாருங்க.

ரெண்டு ஆன்டிசைக்கோடிக், சரியான டோஸ், ஒவ்வொண்ணும் ஆறு வாரம் கொடுத்தும் பலன் இல்லன்னா க்ளோசபீன், தள்ளிப் போடாம. முதல் 18 வாரம் வாராவாரம் எஃப்பிசி. எல்லாரும் வெள்ளணுவ பாப்பாங்க, மலச்சிக்கல கேக்க மாட்டாங்க, அதுவும் உயிர எடுக்கும். சிகரெட் நிறுத்துனா ரத்தத்துல மருந்து அளவு ஏறும், இதையும் கேளுங்க. லித்தியம் (மேனியாவ கட்டுப்படுத்துற மருந்து) லெவல் கடைசி டோஸுக்கு 12 மணி நேரம் கழிச்சு, டோஸ் மாத்தி 5ல இருந்து 7 நாள் கழிச்சு எடுக்கணும், 0.6ல இருந்து 1.0 இருக்கட்டும், 1.5 தாண்டுனா விஷம். வாந்தி, பேதி, டெங்கி, தண்ணி குடிக்காத விரதம், ஃபார்மசில வாங்குற மூட்டுவலி மாத்திரை, இது எல்லாமே லெவல ஏத்திவிடும். கர்ப்பமாக வாய்ப்பிருக்கற பொண்ணுங்களுக்கு வால்ப்ரோயேட் வேணாம். ஷாக்னு சொன்னா குடும்பம் பயப்படும், ஆனா மயக்க மருந்து கொடுத்துத்தான் இசிடி (மூளைக்கு மின்சார சிகிச்சை) செய்வாங்க, சாப்பிடாம தண்ணி குடிக்காம கிடக்கற டிப்ரஷனுக்கும், லோராசெபாம்ல சரியாகாத கேட்டடோனியாவுக்கும் (ஆளு அசையாம பேசாம உறைஞ்சு போறது) உயிர் காக்குறது அதுதான்னு விளக்குங்க.

பேஷண்டுக்கு விருப்பமில்லாம அட்மிட் பண்றது மென்டல் ஹெல்த் ஆக்ட் 2001 படிதான், வியாதியும் இருக்கணும், தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தும் இருக்கணும், காரணத்த எழுதணும். "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்களா?"ன்னு அம்மாங்க அழுவாங்க. 1911ல ஆரம்பிச்ச அந்த மனநல ஆஸ்பத்திரி பேரு இன்னும் பயமுறுத்துற பேராவே இருக்கு. இப்ப பெரும்பாலும் ஜிஎச் வார்டுல சில வாரம் இருந்துட்டு வீட்டுக்குத்தான், மென்டாரி சென்டர்ல (சமூக மனநல மையம்) வேலைக்கு திரும்ப உதவி கிடைக்கும்னு பொறுமையா சொல்லுங்க.

டிஸ்சார்ஜ் ஆன முதல் சில வாரம்தான் தற்கொலை ஆபத்து ரொம்ப கூடுன நேரம். அதனால அடுத்த அப்பாய்ன்ட்மென்ட் ஒரு வாரத்துக்குள்ள வேணும், யார் கூட்டிட்டு வருவாங்க, லீவு கிடைக்குமா, கார் இருக்கா எல்லாம் அன்னைக்கே கேட்டு முடிக்கணும். மருந்து பாக்கெட்ல எப்ப போடணும்னு தமிழ்ல எழுதிக் கொடுங்க, பின்னாடி பக்கத்துல மன உதவிக்கு ஃபோன் பண்ற ஹீல் 15555, பிஃப்ரெண்டர்ஸ் கேஎல் 03-76272929, வார்டு நம்பர், மூணையும் எழுதுங்க, அண்ணன்கிட்டயும் அண்ணிகிட்டயும் ஃபோன்ல சேவ் பண்ண வெச்சுட்டு அனுப்புங்க.